சிவப்பு போன கண்

லென்ஸ் கவுண்டரில் புதிதாக வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நீங்கள் எல்லாரும் இதற்கென்று காலேஜில் படித்து வந்தவர்கள். என்னைத் திண்டுக்கல்லில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கத்தான் சேர்த்தார்கள். டோக்கன் கொடுத்தபடியே கண்ணாடி பிரேம் துடைத்தேன், பிறகு பவர் பார்த்தேன், பிறகு லென்ஸ் போடக் கற்றுக் கொடுத்தேன். எனக்குப் பாடம் எடுத்தவர்கள் எங்கள் டாக்டரம்மாவும், எதிரே வந்து உட்கார்ந்தவர்களும்தான்.

நம் ஊர்க்காரர்கள் ‘கண் வலிக்கிறது’ என்று மொட்டையாகச் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? நிலக்கோட்டைப் பக்கமிருந்து பூ கட்ட வரும் ஒரு அம்மா, ‘கண்ணுக்குள்ள யாரோ அடுப்பு ஊதுறாங்க தாயி’ என்பார். ஒரு காலேஜ் பிள்ளை, ‘சாயங்காலமானா லென்ஸ் என்னோட சண்டைக்கு வருது ஆன்ட்டி’ என்றாள். காலையில் எட்டு மணிக்குப் போட்டு ராத்திரி படுக்கப்போகும்போது கழற்றுகிற பிள்ளை, கண் காய்ந்துபோவதால் வருகிற சண்டை அது. இன்னொருத்தி, தேய்க்கத் தேய்க்கச் சுகமாக இருக்கிறது, விடவே மனசு வரவில்லை என்றாள். அவளுடைய மேல் இமையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே வேர்க்குரு மாதிரி பொரிப்பொரியாக இருந்தது. பழைய லென்ஸை மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டியதற்கு வந்த ஒவ்வாமை. இந்தப் பேச்சுகளை எல்லாம் நான் ரசித்துக் கேட்பேன். கேட்டதை உடனே இங்கிலீஷ் வார்த்தையாக்கி கம்ப்யூட்டரில் தட்டிவிடாதீர்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே செத்த நேரம் இருங்கள்.

ஒரே ஒரு பேச்சைக் கேட்டால் மட்டும் நான் ரசித்துக்கொண்டு உட்கார மாட்டேன். ‘கழட்டின பெறகும் போட்டிருக்க மாதிரியே இருக்கு’ என்று ஒருவர் சொன்னால், கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிடுவேன். அதை எனக்கு ஒரு ஆட்டு வியாபாரி சொன்னார். அவர் கதைதான் இது.

சலீம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேகம்பூர்ப் பக்கம் வீடு. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வாராவாரம் அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்து வந்து ஊருக்குள் பிரியாணிக் கடைகளுக்குக் கொடுப்பது தொழில். பக்ரீத் நெருங்கினால் வீட்டுக்காரர்களுக்குக் குர்பானி ஆடு, பண்டிகைக்கு அறுக்கிற ஆடு, பார்த்துக் கொடுப்பார். அதில்தான் அவருக்குப் பேரும், வருஷத்துக்கான வருமானமும். குர்பானிக்குக் கொடுக்கிற ஆட்டில் குறை இருக்கக் கூடாது. நொண்டக் கூடாது, கண் பழுதாக இருக்கக் கூடாது. வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், காலைப் பார்ப்பார்கள், பிறகு கண்ணைக் காட்டச் சொல்வார்கள். ஆட்டின் கருவிழியில் அரிசி அளவு வெள்ளையாகப் பூ விழுந்திருந்தாலும் ஆடு கழிந்துபோகும்.

இப்படிப்பட்ட தொழிலில் இருக்கிற மனுஷனுக்குச் சின்ன வயசிலிருந்து கிட்டப்பார்வை. கண்ணாடி கனம். ஆடு முட்டி ஒரு கண்ணாடி போயிற்று, வேர்வையில் வழுக்கி ஆடுகளின் காலடியில் விழுந்து இன்னொன்று போயிற்று. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். சந்தையில் கேலியைத்தான் பொறுக்க முடியவில்லை. ‘சோடாபுட்டி பாய் கண்ணு நல்லாருக்குன்னு சொல்றாரு, ஆட்டுக் கண்ணா அவர் கண்ணான்னு கேட்டுக்கங்கப்பா’ என்று பக்கத்து வியாபாரி ஒருத்தன் வாங்க வந்தவர்களிடம் சொல்லிவிட்டானாம். அந்த வாரமே என்னிடம் வந்துவிட்டார், லென்ஸ் வேண்டும் என்று.

டாக்டரம்மா பார்த்துச் சரி என்றார். போடுவதற்கும் கழற்றுவதற்கும் நான்தான் பழக்கினேன். ஆட்டைத் தொட்ட கை, ஆட்டு வாயில் விட்ட கை, அதனால் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்காமல் கண் பக்கம் போகக் கூடாது, படுக்கும்போது கழற்றியாக வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடாது, சொல்யூஷன் மட்டும்தான் என்று எல்லாவற்றையும் அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தேன். பளிச்சென்று சொன்னார். முதல் தடவை இரண்டு கண்ணிலும் லென்ஸோடு வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தவர், எதிர்ப்பக்க பஸ் போர்டை எழுத்து எழுத்தாகப் படித்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, ‘இம்புட்டுப் பேரு ரோட்டுல போறாங்களாக்கா’ என்றார்.

ஒரு வருஷத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை. நடுவில் புது ஜோடி வாங்க வரும்போதெல்லாம் சந்தைக் கதை சொல்வார். துண்டு போட்டுப் பேசுகிற விஷயத்தை அவர்தான் எனக்கு விளக்கினார். விற்கிறவரும் வாங்குகிறவரும் கையைக் கோத்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விலையை வாயால் சொல்வதில்லை, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேச்சு. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. எதிராளியின் முகத்தைப் பார்த்தபடி விரலைப் பிடிக்கணும்க்கா, கை ஒண்ணு பேசும், கண்ணு ஒண்ணு பேசும், ரெண்டும் சேர்ந்தாத்தான் வெல படியும் என்பார். கண்ணாடி போனதிலிருந்து தன் முகத்தை எதிராளி நம்புகிறான் என்று அவருக்கு ஒரு சந்தோஷம்.

அந்தத் துண்டில்தான் விஷயம் இருக்கிறது. கேளுங்கள்.

பக்ரீத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது சந்தைக்குப் போனவருக்கு வலது கண் சிவந்துவிட்டது. எப்படிச் சிவந்தது என்று பிறகுதான் தெரிந்தது. சந்தை விடியும் முன்பே கூடிவிடும் என்பதால் வண்டியிலேயே லென்ஸோடு படுத்துத் தூங்குவது பழக்கமாகியிருந்தது. சொல்யூஷன் தீர்ந்துபோனபோது லென்ஸ் டப்பாவில் கேன் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார். குழாய்த் தண்ணீர் கூடாது என்று நான் சொன்னது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கேன் தண்ணீர் காசு கொடுத்து வாங்குவதுதானே, பிள்ளைக்கே அதைத்தானே கொடுக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். குடிக்க நல்ல தண்ணீர் லென்ஸுக்கு நல்லதில்லை என்பது யாருக்குத்தான் சட்டென்று விளங்கும்?

சிவந்த கண்ணோடு சந்தையில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பார்த்த உடனே எல்லாருக்கும் ‘மெட்ராஸ் ஐ’ ஞாபகம்தான் வரும். அவர் துண்டைக் கையில் எடுத்தால் எதிராளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டானாம். பழகின ஆளே, வாயால சொல்லுங்க பாய், கேட்டுக்கிறேன் என்று நாலு அடி தள்ளி நின்றிருக்கிறான். வாயால் விலை சொன்னால் சுற்றி நிற்கிற சந்தைக்கே தெரிந்துபோகும். அன்றைக்கு அவருக்கு யாவாரமே நடக்கவில்லை. அடுத்த வாரமும் இப்படி நின்றால் குர்பானி ஆடு கேட்டிருந்த வீடுகளுக்கு என்ன பதில் சொல்வது?

வீட்டுக்கு வந்தவர் அலமாரியில் ஒரு சொட்டு மருந்தைப் பார்த்திருக்கிறார். அவர் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, புரை ஆபரேஷன் செய்தபோது டாக்டர் கொடுத்தது. அத்தா கண் அப்படித்தான் சிவந்திருந்தது, இதைப் போட்டுத்தான் வெளுத்தது என்று சலீமுக்கு ஞாபகம். கண் டாக்டர் கொடுத்த கண் மருந்து, வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த மருந்து. எடுத்து விட்டுக்கொண்டார். சொன்னால் சொன்னபடி சிவப்பு போய்விட்டது. வலியும் குறைந்தது. அடுத்த சந்தையில் எல்லாரும் கை கொடுத்தார்கள். நல்ல யாவாரம்.

ஆபரேஷன் செய்த கண்ணின் வீக்கத்தை அடக்கக் கொடுக்கிற ஸ்டீராய்டு மருந்து அது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது கண் கத்துவதை நிறுத்தும். ஏன் கத்துகிறது என்று கேட்காது.

அதற்குப் பிறகுதான் அவர் என் கவுண்டருக்கு வந்தார். பக்ரீத் பெருநாளுக்கு முந்தைய கடைசிச் சந்தை மறுநாள். மத்தியானம், கூட்டம் இல்லை. டாக்டரம்மா கீரனூர்ப் பக்கம் கேம்ப் போயிருந்தார். சலீம் சிரித்த முகமாக வந்து உட்கார்ந்து, வலது லென்ஸ் மட்டும் கொஞ்சம் மங்கலடிக்கிறது, புது ஜோடி கொடுத்துவிடுங்கள், நான் கிளம்பணும் என்றார்.

கண்ணைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. சாதாரணமாகப் பார்க்கிற யாரும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் எப்போதும் ரோட்டை வேடிக்கை பார்க்க வசதியாக உட்காருகிறவர், நாற்காலியைத் திருப்பிப் போட்டு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். போனைப் பார்க்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். எங்கள் டாக்டரம்மாவின் வழக்கம் ஒன்று உண்டு. நோயாளி கேட்டைத் தாண்டியதிலிருந்து நாற்காலியில் உட்காரும் வரைக்கும் அவர் பேசவே மாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று ஆரம்பத்தில் கேட்டேன். உட்கார்ந்த பிறகு எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க என்றார்.

லென்ஸைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“கழட்டின மாதிரியே இல்லக்கா. கழட்டின பெறகும் போட்டிருக்க மாதிரியே இருக்கு.”

டார்ச்சை எடுத்துச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் பட்டதும் இமை தானாக மூடிக்கொண்டது. விரலால் மெதுவாகத் திறந்து பார்த்தால், கருவிழியில், நடுவுக்குக் கொஞ்சம் பக்கத்தில், ஒரு ரவை அளவுக்கு மினுமினுப்பு இல்லாமல் சாம்பல் பூத்திருந்தது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி. அந்த ஒரு இடம் மட்டும் ஈரம் பட்ட சுவர் மாதிரி.

அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வண்டியில் தூங்கியது, கேன் தண்ணீர், துண்டு, அத்தாவின் மருந்து எல்லாம் வெளியே வந்தன. ஒளிக்கவில்லை. மருந்து விஷயத்தை மட்டும் கெட்டிக்காரத்தனம் செய்தவர் மாதிரி சந்தோஷமாகச் சொன்னார்.

பிள்ளைகளா, அந்த நிமிஷத்தில் கவுண்டரில் இருக்கிற ஆளுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? நான் டாக்டர் இல்லை. இது இன்ன நோய் என்று நான் வாயைத் திறக்கக் கூடாது. டாக்டர் ஊரில் இல்லை. எதிரே இருப்பவர் வலி என்று வரவில்லை, லென்ஸ் வாங்க வந்திருக்கிறார். நான் கொடுக்காவிட்டால் அதே தெருவில் இன்னொரு கடையில் வாங்கிக்கொண்டு போவார். பெட்டியைக் கொடுத்து, சந்தை முடிந்ததும் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவது ரொம்பச் சுலபம். யாரும் என்னைக் குற்றம் சொல்லப் போவதுமில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். கேம்ப் சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டவர், அந்தச் சொட்டு மருந்தை இந்த நிமிஷத்தோடு நிறுத்தச் சொல், லென்ஸ் போடவே கூடாது, இன்றைக்கே மதுரைக்கு அனுப்பு, கருவிழிக்கென்று தனி டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு, லென்ஸையும் டப்பாவையும் மருந்து பாட்டிலையும் தூக்கிப் போடாமல் அப்படியே கொண்டு போகட்டும் என்றார். நாளைக்கா என்று கேட்டேன். “இன்னைக்கு” என்று மட்டும் சொன்னார்.

சலீமிடம் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. பெருநாள் முடிந்து மறுநாள் போகிறேன் என்றார். நான் இல்லை என்றதும் குரல் உயர்ந்தது. “நான் என்ன கண்ணு தெரியலன்னா வந்தேன்? செவப்பு இல்ல, வலி இல்ல. ஒரு லென்ஸ் கேட்டா மதுரைக்குப் போங்கிறீங்க. ஆடு கேட்ட வீட்டுக்கெல்லாம் நீங்க போயிப் பதில் சொல்லுவீங்களா?” எழுந்து சட்டைப் பையில் போனை வைத்துவிட்டார்.

நம் தொழிலில் இந்த இடத்தில் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, கண்ணே போய்விடும் என்று பயமுறுத்துவது. பயந்த ஆள் நம்மிடமிருந்துதான் முதலில் ஓடுவார். ஓடிப்போய், ஒன்றுமில்லை என்று சொல்கிற ஒரு ஆளைத் தேடிப் பிடிப்பார். இன்னொன்று, புத்தகத்தில் இருப்பதை விளக்குவது. கிருமி, பூஞ்சை, ஸ்டீராய்டு என்று நான் எதைச் சொன்னாலும், அவர் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தை அது ஜெயிக்காது. மருந்து போட்டார், சிவப்பு போனது. அவரிடம் சாட்சி இருக்கிறது, என்னிடம் பேச்சுதான் இருக்கிறது.

எனக்கு என்ன தோன்றியதோ, லென்ஸ் பேச்சை விட்டுவிட்டு ஆட்டைப் பற்றிக் கேட்டேன். செத்த நேரம் உட்காருங்க தம்பி, போகலாம், கண்ணுல சீக்கு உள்ள ஆட்டை மருந்து விட்டு வெளுக்க வைத்துச் சந்தைக்குக் கொண்டு வருவார்களா என்று கேட்டேன்.

நின்றபடியே பதில் சொன்னார். வருவானுக, ஏன் வராம, டீத் தண்ணிய விட்டுத் தொடச்சிக் கூட்டியார்ரவன் இருக்கான், மெடிக்கல்ல எதையாவது வாங்கி ஊத்திக் கூட்டியார்ரவனும் இருக்கான் என்றார். தொழில் பேச்சு என்றதும் கோபம் கொஞ்சம் இறங்கியது.

“கண்ணு வெள்ளையா இருக்குமே. எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“வெயில்ல கொண்டாந்து நிறுத்துவேன்க்கா. சீக்கு உள்ள ஆடு வெயிலப் பாக்காது. மூஞ்சியத் திருப்பிக்கிட்டே நிக்கும். நல்ல ஆடு ஏன் திருப்பப் போகுது?”

“நீங்க வந்ததுலேர்ந்து வாசலுக்கு முதுகக் காட்டி உக்காந்திருக்கீங்க தம்பி.”

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். மத்தியான வெயில் ரோட்டில் அடித்துக்கொண்டிருந்தது. இடது கண் திறந்திருக்க, வலது கண் சுருங்கித் தண்ணீர் விட்டது. துடைக்கக் கையைக் கொண்டுபோனவர், பாதியில் கையை இறக்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி ஜீனத்திடம், மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வா, மதுரை போகணும் என்றார். மச்சினனைக் கூப்பிட்டு மறுநாள் சந்தையை ஒப்படைத்தார். எந்த ஆடு எந்த வீட்டுக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில், துண்ட மறந்துறாதடா என்றார். நான் அவர் லென்ஸையும் டப்பாவையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு என் கவுண்டரிலிருந்து அவர் வாங்கிக்கொண்டு போனது ஒரு கறுப்புக் கண்ணாடி மட்டும்தான்.

அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கொடைரோட்டில் பஸ் நின்றபோது போன் வந்தது. டீ குடிக்க இறங்கியிருக்கிறார். “வலியே இல்லக்கா. இப்பிடியே எதிர் பஸ்ஸப் புடிச்சா வெளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவேன்” என்றார். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் ஜீனத் போனை வாங்கிக்கொண்டார். “நீங்க வைங்கக்கா. டிக்கெட்டு எங்கிட்ட இருக்கு, பாட்டிலு எங்கிட்ட இருக்கு, இவுக சட்டையும் எங்கிட்டதான் இருக்கு” என்றார். சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் போல.

வந்தவரை அனுப்பிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பாதி வழியில் ஒரு கொடைரோடு எல்லாருக்கும் வரும். கூட யார் போகிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஆளிடமும் ஒரு தடவை பேசுங்கள்.

மதுரையில் கருவிழியைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். பூஞ்சை. டப்பாவிலும் அதே. அத்தாவின் மருந்து சிவப்பை அடக்கி வைத்திருந்த நாட்களில் அது உள்ளே தின்றுகொண்டே போயிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் கருவிழி ஓட்டையாகியிருக்கும் என்று அங்கே இருந்த டாக்டர் ஜீனத்திடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அந்த மருந்தை நிறுத்தியதும் கண் திரும்பச் சிவந்தது, வலி மண்டையைப் பிளந்தது. சலீமுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. நல்லாருந்த கண்ண நோண்டிட்டாங்க என்று போனில் என்னிடம் அழுதார். மூடி வைத்த பானையைத் திறந்திருக்கிறார்கள் தம்பி, இனித்தான் வைத்தியம் என்று சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, போனை வைத்துவிட்டார்.

மணிக்கொரு தரம் மருந்து. பெருநாளும் அங்கேதான். ஜீனத் அலாரம் வைத்து எழுந்து எழுந்து விட்டிருக்கிறார். வாரக்கணக்கில் ஓடியது. ஒரு நாள் ஜீனத்தை எதிரே நிறுத்தி, நல்ல கண்ணை மறைத்துவிட்டு என்ன தெரிகிறது என்று டாக்டர் கேட்டபோது, ‘முக்காடு தெரியுது, மூஞ்சி தெரியல’ என்றாராம். அடுத்த தடவை போனபோது மூஞ்சியும் தெரிந்தது, புகைக்குள் இருக்கிற மாதிரி.

கண் தப்பியது. முழுசாகத் தப்பியது என்று சொல்ல மாட்டேன். புண் ஆறின இடத்தில் வெள்ளையாக ஒரு வடு நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் ஆள் யாரென்று தெரியும், எழுத்துத் தெரியாது. மாற்றுக் கருவிழி வைக்கலாமா என்று பிறகு பார்க்கலாம் என்றார்கள். சலீம் இப்போது கண்ணாடிதான் போடுகிறார். தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் கட்டி, ஆடு முட்டினாலும் கழலாத மாதிரி. சந்தையில் கேலி நின்றதா என்று கேட்டேன். கேலி பண்றவன் பண்ணத்தான் செய்யிறான், நாந்தான் காதுல வாங்குறதில்ல, யாவாரம் நடக்குது என்றார்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது என்னவென்றால், லென்ஸ் போடுகிறவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. அவர்கள் செய்கிற தப்பில் ஒரு கணக்கு இருக்கும், அவர்கள் தொழிலுக்கும் வீட்டுக்கும் ஏற்ற கணக்கு. கல்யாணப் பெண் கலர் லென்ஸைத் தங்கச்சியோடு மாற்றிப் போட்டுக்கொள்வாள், ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே என்று. நைட் ஷிப்ட் போகிற பையன் லென்ஸோடு தூங்குவான், வேன் வந்துவிடுமே என்று. சொல்யூஷன் போடுறீங்களா என்று கேட்டால் எல்லாரும் போடுகிறோம் என்றுதான் சொல்வார்கள். தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கண் சிவந்தால் முதலில் யாரைக் கேட்பீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் பழைய சொட்டு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்லும் முன் யோசிக்கிற நேரத்தைக் கவனியுங்கள்.

சிவப்பு போய்விட்டது என்று சந்தோஷமாக ஒருவர் வந்தால் நீங்களும் கூடச் சேர்ந்து சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எதைப் போட்டதால் போனது என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதைக் கேட்கும்போது போலீஸ் மாதிரி கேட்காதீர்கள். சலீம் என்னிடம் அத்தா மருந்தைப் பற்றிச் சொன்னது, நான் திட்டுவேன் என்று அவர் நினைக்காததால்தான். அன்றைக்கு நான் முகத்தைச் சுளித்திருந்தால் அந்தப் பாட்டில் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ஜீனத் தனியாக வந்தார். கையில் துணிக்கடைப் பை ஒன்று. அவருக்குக் கண்ணில் ஏதாவதோ என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. பையைக் கவுண்டர்மேல் கவிழ்த்தார். கடகடவென்று சொட்டு மருந்து பாட்டில்கள். பாதி தீர்ந்தவை, மூடி இல்லாதவை, லேபிள் உரிந்தவை, பிரிக்காத ஒன்றிரண்டு. உருண்டு கீழே விழுந்ததை நான் குனிந்து பொறுக்கினேன்.

தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறார். ஆபரேஷன் பண்ணின பெரியவர்கள் வீடு, லென்ஸ் போடுகிற பிள்ளைகள் வீடு என்று எதையும் விடவில்லை. பிரிட்ஜுக்குள் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்ததைக்கூட எடுத்துக்கொடுத்தார்களாம். எது நல்லது எது கெட்டது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டேன், நீங்களே டாக்டரம்மாவிடம் கொடுத்து ஒழித்துவிடுங்கள் என்றார்.

எல்லாரும் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். முகம் மாறியது.

“எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும் தரலக்கா. அவுக வீட்டுக்காரர் உசுரோட இருக்கயில வாங்குன மருந்தாம், அவர் ஞாபகமா வச்சிருக்கேங்குறாக. பேரன் லென்ஸ் போடுறான் அந்த வீட்டுல. நேத்தும் போனேன், டீ குடுத்து அனுப்பிட்டாக.”

காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“இன்னைக்கும் போறேன். டீயக் குடிச்சிட்டு உக்காந்தே இருக்கப் போறேன்.”